ஒரு வாளி தண்ணி ஊத்திப் பாருங்க!

நடுவர் அவர்களே! என் அணித் தோழர்களே! எதிரணியில் வசமாக மாட்டிக்கொண்டிருக்கிற நண்பர்களே!

புது வீடு வாங்குவதில் நம்மை அதிகம் ஏமாற்றுவது கட்டி விற்பவரா, வாங்குகிறவரின் நினைப்பா? இதுதானே தலைப்பு? எதிரணித் தலைவர் பில்டரைப் பிடித்துத் திட்டு திட்டென்று திட்டினார். திட்டட்டும். நான் ஒன்று கேட்கிறேன். கால் கிலோ வெண்டைக்காய்க்கு நுனியை ஒடிச்சுப் பார்க்கிறோம். ஐம்பது லட்ச ரூபாய் வீட்டுக்கு? “புதுசுதானே, அதுல என்ன பார்க்கிறது?”

நானும் அப்படித்தான்யா நினைச்சேன்! சாவி வாங்குற அன்னிக்கு மாமியாரையும் கூட்டிட்டுப் போனேன். எந்த ஜன்னலுக்கு என்ன கலர் திரைன்னு எனக்கும் என் மனைவிக்கும் அங்கேயே சண்டை. மாமியார் பேசாம வாட்ச்மேன்கிட்ட வாளி வாங்கி, பாத்ரூம்ல தண்ணியை ஊத்தினாங்க. தண்ணி எங்கே போகணும்? மூலையில இருக்கிற ஓட்டைக்கு. அது எங்களை வரவேற்க ஹாலுக்கு வருது! (சிரிப்பு)

“மாப்பிள்ளை, கையெழுத்தைப் போட்டுடாதீங்க”ன்னாங்க. அப்புறம் ஒவ்வொரு கதவா மூடித் திறந்தாங்க. அஞ்சு ரூபா காசை எடுத்து டைல்ஸைத் தட்டினாங்க. நாலு இடத்துல ‘டொப்பு டொப்பு’ங்குது. அடியிலே கலவையே இல்லை! அவங்க படிச்சது அஞ்சாம் வகுப்பு. நான் எம்.காம். (கைதட்டல்)

அடுத்து சதுர அடி. 1,200 சதுர அடின்னு பத்திரிகையில போட்டிருப்பான். உள்ளே டேப் பிடிச்சா 900 வரும். மீதி எங்கேன்னா, படிக்கட்டு, லிஃப்ட், பொது வராந்தா. லிஃப்ட்ல பாய் விரிச்சுப் படுக்க முடியுமா? 2016-ல் வந்த ரியல் எஸ்டேட் சட்டம், வீட்டுக்குள் புழங்குகிற ‘கார்ப்பெட் ஏரியா’வைச் சொல்லச் சொல்கிறது. பால்கனிகூட அதில் சேராது. நாம கேட்டோமா?

அதே சட்டப்படி, விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. சாவி கொடுத்த 5 வருஷத்துக்குள் கட்டுமானக் குறையைச் சொன்னால், 30 நாளில் கட்டினவர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். நம்ம ஆள் என்ன செய்றார்? ஃபோன்ல கத்துறார். எழுத்துல கொடுக்கிறதில்லை.

“அனுமதி வாங்கிட்டாங்க, புதுக் கட்டடம், என்ன பயம்?” என்கிறார் எதிரணி நண்பர். 2014 ஜூன் 28. சென்னை மவுலிவாக்கம். 11 மாடி. அனுமதி வாங்கிய கட்டடம்தான். ஒரு வீட்டில்கூடப் பால் காய்ச்சவில்லை. மழை பெய்த சாயங்காலம், அப்படியே சரிந்தது. 61 உயிர். கூலி வேலைக்கு வந்தவர்கள். பக்கத்தில் நின்ற இன்னொரு கட்டடத்தையும் 2016 நவம்பரில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். அங்கே வாங்கினவர்கள் மேல் நான் பழி சொல்ல வரவில்லை. அதைப் பார்த்த பிறகும், ‘மண் பரிசோதனை அறிக்கையைக் காட்டுங்க’ன்னு கேட்க நமக்குக் கூச்சமா இருக்கே, அதைத்தான் சொல்கிறேன்.

எங்க கதைக்கு வர்றேன். பதினேழு குறைகளை எழுதிக் கொடுத்து, வாங்கினதா கையெழுத்தும் வாங்கினோம். ஆறு வாரம் கழிச்சுத்தான் சாவி. அந்த ஆறு வாரமும் வாடகையும் கட்டி, வங்கித் தவணையும் கட்டி நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இப்பவும் அந்த பில்டர் வழியில் பார்த்தா என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்பார். “அம்மா கூட வரலையே?”