பிரிண்டர் கடைசி வரியை ஏன் முழுங்குது?

இந்த வாரம் வந்த கேள்விகள்ல ஒரு வாய்ஸ் நோட்டை முதல்ல எடுத்துக்கிறேன். ராத்திரி பத்தரை மணிக்கு அனுப்பியிருக்காங்க. காலையில எக்ஸாம். ஹால் டிக்கெட்டை வீட்டு பிரிண்டர்ல எடுத்தா போட்டோ வருது, ரிஜிஸ்டர் நம்பர் வருது, ஆனா அடியில கையெழுத்துப் போடுற கட்டம் பாதியோட நின்னுடுது. நாலு தடவை எடுத்துப் பார்த்தாச்சு, நாலு தடவையும் அதே இடத்துல வெட்டு. தெருமுனை ஜெராக்ஸ் கடையும் மூடியாச்சு. "பிரிண்டர் போச்சா?"ன்னு கேக்குறாங்க.

அனேகமா போகலை. அவங்க சொன்னதுல முக்கியமான தகவலே "நாலு தடவையும் அதே இடத்துல" அப்படிங்கிறதுதான். அந்த மாதிரி இருந்தா முதல் சந்தேகம் மெஷின் மேல வரக்கூடாது, பேப்பர் அளவு மேல வரணும். வீட்ல வெச்சிருக்கிற சின்ன பிரிண்டர்களுக்கு ட்ரேல என்ன அளவு பேப்பர் இருக்குன்னு பெரும்பாலும் தானா தெரியாது. நாம சொல்றதை அப்படியே நம்பும்.

சிக்கல் என்னன்னா, அதுக்கு அளவு சொல்ற ஆளுங்க மூணு பேர். முதல்ல ஃபைல். அந்த பிடிஎஃப்-ஐ உருவாக்கினவங்க ஒரு பக்க அளவை வெச்சிருப்பாங்க. ரெண்டாவது, நாம பிரிண்ட் கொடுக்கும்போது திறக்குற விண்டோ. மூணாவது, பிரிண்டரோட டிரைவர்ல இருக்கிற டீஃபால்ட். ட்ரேல இருக்கிற நிஜ பேப்பர் வாயே திறக்காது. மத்த மூணு பேர்ல ஒருத்தர் மாத்திச் சொன்னாலும் எங்கேயோ ஒரு ஓரம் காணாமப் போகும்.

மாத்திச் சொல்றது எந்த ரெண்டு அளவு? நம்ம ஊர்ல வாங்குற கட்டு ஏ4: 210 × 297 மி.மீ. அமெரிக்காவுலயும் கனடாவுலயும் புழங்குறது லெட்டர் சைஸ்: எட்டரை இன்ச்சுக்கு பதினொரு இன்ச், அதாவது 215.9 × 279.4 மி.மீ. பார்க்க ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் இருக்கும். ஆனா லெட்டர் கிட்டத்தட்ட 6 மி.மீ அகலம் கூட, 17.6 மி.மீ உயரம் கம்மி. நம்ம ஹால் டிக்கெட்டோட கையெழுத்துக் கட்டம் அந்த 17.6 மி.மீ-க்குள்ளதான் மாட்டியிருக்கும்.

(ஏ4 எங்கிருந்து வந்ததுன்னு கேட்டா, ஜெர்மனியில 1922-ல வந்த தரநிர்ணயம் அது. பக்கத்தை நடுவுல மடிச்சாலும் நீள அகல விகிதம் மாறாது. அதனாலதான் ரெண்டு ஏ4 பக்கத்தை ஒரே ஏ4 தாள்ல அழகா அடக்க முடியுது. லெட்டர்ல அது நடக்காது. எனக்கு ஏ4 மேல கொஞ்சம் பாசம் உண்டு, மன்னிச்சிடுங்க.)

இங்க ஏ4 மட்டுமே விக்கும்போது லெட்டர் எப்படி உள்ள வருது? லேப்டாப்போட மொழியும் ரீஜனும் "இங்கிலீஷ், யுனைடெட் ஸ்டேட்ஸ்"னு இருந்தா, நிறைய சாஃப்ட்வேர் தானாவே லெட்டரைத் தேர்ந்தெடுத்துக்கும். ஆண்ட்ராய்டு போன்ல இருந்து பிரிண்ட் கொடுத்தாலும் இது நடக்கும். பிரிவியூவுக்கு மேல 'பேப்பர் சைஸ்'னு சின்னதா ஒரு இடம் இருக்கு. அதை யாரும் பார்க்கிறதே இல்லை.

சரி, கையில இருக்கிற வெட்டுப்பட்ட தாளை எடுங்க. எந்தப் பக்கம் போயிருக்குன்னு பாருங்க, பாதி விஷயத்தை அதுவே சொல்லிடும்.

அடியில மட்டும், இல்லன்னா மேலயும் கீழயும் பங்கு போட்டு ஒண்ணே முக்கால் சென்டிமீட்டர் போயிருந்தா, ஏ4 ஃபைலை லெட்டர்னு நினைச்சு அடிச்சிருக்கு. வலது ஓரத்துல கொஞ்சமா, அதுவும் ஓரம் வரைக்கும் டேபிள் போட்ட ஃபைல்ல மட்டும் போயிருந்தா, லெட்டர் ஃபைல் ஏ4-ல வந்திருக்கு. கீழ ஆறு சென்டிமீட்டர் அளவுக்குக் காணோமா? அது லீகல் சைஸ். வாடகை ஒப்பந்தம், அஃபிடவிட் மாதிரி டாக்குமென்ட்ல இதை அடிக்கடி பார்க்கலாம். லீகல் 14 இன்ச் உயரம். ஏ4-ல அடிச்சா சரியா சாட்சிகள் கையெழுத்துப் போடுற இடம்தான் பறிபோகும். கவனிக்காம ஓனர்கிட்ட நீட்டினா திரும்ப அலைய வேண்டியதுதான்.

நாலு ஓரமும் மெல்லிசா போயிருந்தா அது வேற கதை. இங்க்ஜெட்டோ லேசரோ, சாதாரண மோடுல எந்த வீட்டு பிரிண்டரும் தாளோட விளிம்பு வரைக்கும் அடிக்காது. சில மில்லிமீட்டர் விட்டுத்தான் ஆகணும், ஏன்னா ரோலர் தாளைப் பிடிக்க இடம் வேணும். சில இங்க்ஜெட்ல அடி ஓரம் இன்னும் கூடுதலா விடும். 'பார்டர்லெஸ்' ஆன் பண்ணினா சரியாகிடும்னு நினைப்பாங்க. அது படத்தைக் கொஞ்சம் பெருசாக்கி, தாளுக்கு வெளியே வழியுற மாதிரி அடிக்கும். போட்டோவுக்கு ஓகே. படிவத்துக்கு வேண்டாம், ஓரத்துல இருக்கிற எழுத்து இன்னும் போகும்.

இப்ப சரிசெய்யலாம். கம்ப்யூட்டர்ல அடோபி ரீடர்ல பிடிஎஃப்-ஐத் திறந்து கன்ட்ரோல் டி அழுத்துங்க. பேஜ் சைஸ் 8.27 × 11.69 இன்ச்னு இருந்தா ஏ4. 8.50 × 11.00 இருந்தா லெட்டர். அடுத்து பிரிண்ட் விண்டோவுல 'பேஜ் செட்டப்', 'ப்ராபர்ட்டீஸ்' ரெண்டையும் திறந்து, ட்ரேல இருக்கிறதை, அதாவது ஏ4-ஐத் தேர்ந்தெடுங்க. ரெண்டு இடத்துலயும் பார்க்கணும், ஒண்ணு மட்டும் மாத்திட்டு "மாறலையே"ன்னு சொல்றவங்கதான் ஜாஸ்தி. குரோம்ல 'மோர் செட்டிங்ஸ்'க்குள்ள ஒளிஞ்சிருக்கும்.

ஒவ்வொரு தடவையும் இதைப் பண்ண முடியாது இல்லையா, அதனால டீஃபால்ட்டையே மாத்திடுங்க. விண்டோஸ்ல 'பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ்' போய், உங்க பிரிண்டரைத் தொட்டு, 'பிரிண்டிங் பிரிஃபரன்சஸ்'. மேக்ல அதே பேர்ல இருக்கிற பக்கத்துலயே 'டீஃபால்ட் பேப்பர் சைஸ்' இருக்கும். பிரிண்டர்ல சின்ன ஸ்கிரீன் இருந்தா அதுலயும் ட்ரே செட்டிங் ஏ4-ஆன்னு ஒரு தடவை பாருங்க.

இப்ப நீங்க கேப்பீங்க, "இவ்வளவு எதுக்கு? 'ஃபிட்' கொடுத்தா எல்லாம் உள்ள வந்துடுமே?" வந்துடும். ஹால் டிக்கெட், பில், டிக்கெட் மாதிரி விஷயத்துக்கு தாராளமா ஃபிட் கொடுங்க. அவசரத்துக்கு அதுதான் வேகமான வழி. நம்ம நேயருக்கும் அதைத்தான் முதல்ல சொன்னேன். ஆனா ஃபிட் எல்லாத்தையும் சுருக்கும். டிரைவர் லெட்டர்ல இருக்கும்போது ஏ4-ஐ உள்ள அடக்கினா 94 சதவீதத்துக்குக் கீழ போயிடும். நீங்க 3.5 × 4.5 செ.மீ-ன்னு கவனமா செட் பண்ணின போட்டோ 3.3 × 4.2 ஆகிடும். படிவத்துல அளவு போட்டிருக்காங்கன்னா அது தப்பான போட்டோ. தையல் பேட்டர்ன், அளவு போட்ட டிராயிங் எல்லாத்துக்கும் இதே பிரச்சினை. அதுக்கெல்லாம் 'ஆக்சுவல் சைஸ்' மட்டும்தான், அதுக்கு பேப்பர் அளவு எல்லா இடத்துலயும் சரியா இருந்தாகணும். சந்தேகமா இருந்தா ஃபைல்ல 10 செ.மீ கோடு ஒண்ணு போட்டு, அடிச்சு, ஸ்கேல் வெச்சு அளந்து பாருங்க.

எக்செல் பத்தி ஒரு வரி: அதுல வலது பக்க காலம் காணாமப் போறது பெரும்பாலும் வெட்டு இல்லை, அடுத்த பக்கத்துக்குப் போயிருக்கு. 'ஃபிட் ஆல் காலம்ஸ் ஆன் ஒன் பேஜ்' கொடுங்க.

எல்லாம் சரி, இன்னும் வெட்டுதுன்னா மெஷினைச் சந்தேகப்படலாம். ஸ்கேனர் சேர்ந்த பிரிண்டர்னா கேபிளைக் கழட்டிட்டு, ஒரு தாளை கண்ணாடி மேல வெச்சு நேரடியா காப்பி எடுங்க. காப்பி முழுசா வந்தா தப்பு கம்ப்யூட்டர் பக்கம். காப்பியும் அதே இடத்துல வெட்டினா ட்ரே மெனுவை இன்னொரு தடவை பார்த்துட்டு, பேப்பரோட ரெண்டு பக்கமும் இருக்கிற கைடு தாளை ஒட்டி நிக்குதான்னு பாருங்க. தளர்வா இருந்தா தாள் நகர்ந்து ஒரு பக்கம் வெட்டும், எதிர்ப்பக்கம் வெள்ளையா கிடக்கும். இங்க்ஜெட்ல ஹெட் ஓடுற பாதைக்கு இணையா கண்ணாடி மாதிரி ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பட்டை இருக்கும். ஹெட் எங்க இருக்குன்னு பிரிண்டர் அதைப் பார்த்துத்தான் கணக்குப் போடுது. அதுல மையோ தூசியோ அப்பினா கணக்குத் தப்பும். பிளக்கைப் பிடுங்கிட்டு, லேசா ஈரமான மெல்லிய துணியால மெதுவா ஒத்தி எடுங்க. இழுத்துத் துடைச்சா கழண்டுடும். லேசர்ல மேல இருந்து கீழ வரைக்கும் ஒரு பட்டை வெளுத்திருந்தா அது வெட்டே இல்லை, டோனர் தீரப் போகுது. கார்ட்ரிட்ஜை எடுத்து பக்கவாட்டுல நாலு தடவை ஆட்டிட்டு மாட்டுங்க, இன்னும் சில பக்கம் ஓடும்.

அடுத்த எபிசோட்ல, பக்கத்துலயே இருக்கிற வைஃபை பிரிண்டர் ஏன் 'ஆஃப்லைன்'னு காட்டுதுன்னு பார்ப்போம்.