பாட்டுக்குப் பின்னால் ஓடும் கரண்ட்

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"இத்தனை வருஷம் கரண்டோடதானே மல்லுக்கட்டினே, அதைப் பத்தியே பேசிடு" என்று சங்கச் செயலாளர் சொல்லிவிட்டார். ஓய்வு பெற்ற பிறகு என்னைத் தேடி வருகிறவர்களில் பாதிப்பேர் ஒரே புகாரோடுதான் வருகிறார்கள். "சார், நல்ல ஆம்பிளிஃபயர், நல்ல ஸ்பீக்கர். ஆனா பாட்டு நின்னா 'உம்'முனு ஒரு உறுமல் கேக்குது. வீட்டுக் கரண்டை எப்படிச் சுத்தம் பண்றது?" இன்று அந்தக் கேள்விக்கே பதில் சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஒரு சின்னப் பாடம். நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரம். இந்த அலையின் உச்சி சுமார் 325 வோல்ட். சாதாரண ட்ரான்ஸ்ஃபார்மர் வைத்த ஆம்பிளிஃபயர் அலை முழுவதிலும் கரண்ட் இழுப்பதில்லை. உச்சிக்கு அருகில் மட்டும், வினாடிக்கு 100 தடவை, மடக் மடக்கென்று குடித்து உள்ளே இருக்கும் கண்டென்சரை நிரப்பிக்கொள்கிறது. ஆகவே உறுமலிலும் இரண்டு ஜாதி உண்டு. கனமாக, அடித்தொண்டையில் கேட்பது 50 ஹெர்ட்ஸ். அது பெரும்பாலும் வெளியிலிருந்து வயர் வழியாக வருவது. கொஞ்சம் கரகரப்பாகக் கேட்பது 100 ஹெர்ட்ஸ். கண்டென்சர் காய்ந்துபோன பழைய செட்டில் வருவது.

எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஆம்பிளிஃபயருக்குள் வரும் எல்லா இன்புட் வயரையும் கழற்றிவிடுங்கள். உறுமல் நிற்கவில்லை என்றால் கோளாறு செட்டுக்குள்ளேயே, மெக்கானிக்கிடம் கொடுங்கள். நின்றுவிட்டால் ஒவ்வொரு வயராகத் திரும்ப மாட்டுங்கள். எதை மாட்டும்போது வருகிறதோ, அதுதான் குற்றவாளி. லேப்டாப்பில் பாட்டுக் கேட்கும் மாணவர்கள் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். உறுமல் நின்றால் வழி தெரிந்துவிட்டது.

இந்தக் குற்றவாளிக்குப் பெயர் எர்த் லூப். இரண்டு சாதனங்கள் இரண்டு வேறு இடங்களில் எர்த் ஆகியிருக்கும். அந்த இரண்டு எர்த்துக்கும் நடுவே கொஞ்சம் வோல்டேஜ் வித்தியாசம் இருக்கும். நடுவில் நீங்கள் ஆடியோ வயரை மாட்டியதும், அதன் வெளிக் கம்பி வழியே கரண்ட் ஓடும். அதைத்தான் ஸ்பீக்கர் பாடிக் காட்டுகிறது.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். ஒரு நண்பர் வீட்டில் உறுமல். யாரோ வந்து ஆம்பிளிஃபயர் பிளக்கில் எர்த் வயரை வெட்டிவிட்டார். உறுமல் போய்விட்டது. நண்பருக்கும் சந்தோஷம். நான் அந்தப் பக்கம் போயிருந்தபோது வீட்டு அம்மா, "அண்ணே, துடைக்கிறதுக்காக கேபிள் டி.வி. வயரைக் கழட்டினா பொட்டி சுர்ருங்குது" என்றார். அந்த வயரைக் கழற்றி மீட்டரை வைத்தேன். பெட்டிக்கும் எர்த்துக்கும் நடுவே 90 வோல்ட்! அது கசிவுதான், ஆளைக் கொல்லும் அளவு கரண்ட் அதில் இல்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். ட்ரான்ஸ்ஃபார்மரின் இன்சுலேஷன் என்றைக்கு உடைகிறதோ, அன்றைக்குப் பெட்டி முழுவதும் 230 வோல்ட். அது வெளியேற இருக்கும் ஒரே வழி, தெருக் கம்பத்திலிருந்து வரும் மெல்லிய கேபிள் வயர். அதையும் கழற்றிவிட்டால் மிச்சமிருக்கும் வழி, பெட்டியைத் தொடுகிற குழந்தை.

மாணவச் செல்வங்களே, மூன்று பின் பிளக்கில் எர்த் பின் மட்டும் ஏன் நீளமாக இருக்கிறது? மாட்டும்போது முதலில் தொடவும், கழற்றும்போது கடைசியில் விடவும்தான். செய்தவன் யோசித்துச் செய்திருக்கிறான். அதை வெட்டுவது வைத்தியம் இல்லை.

அந்த வீட்டில் என்ன செய்தோம்? எர்த் வயரைத் திரும்ப முடுக்கினோம். ஆம்பிளிஃபயர், டி.வி., செட்டாப் பாக்ஸ் எல்லாவற்றையும் சுவரில் ஒரே சாக்கெட்டிலிருந்து, ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் கொடுத்தோம். கேபிள் டி.வி. வயர் நுழையும் இடத்தில் ஒரு ஐசலேட்டர் போட்டோம். உறுமல் போயே போச்சு, எர்த்தும் இருக்கிறது.

அடுத்து, "தனி லைன் இழுக்கலாமா?" என்று கேட்பீர்கள். கணக்குப் போடுவோம். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, 20 மீட்டர் தூரம். போக வர 40 மீட்டர். ரெசிஸ்டன்ஸ் சுமார் 0.3 ஓம். ஆம்பிளிஃபயர் 1 ஆம்பியர் இழுத்தால் இழப்பு 0.3 வோல்ட். 230-ல் இது கடுகு. ஆகவே தனி லைனின் லாபம் வோல்டேஜில் இல்லை. ஃப்ரிட்ஜும் மோட்டாரும் அதே லைனில் இல்லாததால் அவை போடும் 'டப் டப்' குறையும், அவ்வளவுதான். மைல் கணக்கில் அலுமினியக் கம்பியில் வந்த கரண்ட், கடைசி ஒன்றரை மீட்டரில் விலையுயர்ந்த பவர் கார்டைப் பார்த்ததும் திருந்திவிடாது. அந்தக் காசுக்கு நல்ல ஸ்பீக்கர் வாங்குங்கள்.

காசு செலவழிக்க வேண்டிய இடங்கள் வேறு. மின்விசிறியின் பழைய ட்ரையாக் ரெகுலேட்டர் அலையை வெட்டி வெட்டி விடுகிறது. அதை மாற்றி, கண்டென்சர் வைத்த ஸ்டெப் ரெகுலேட்டர் போடுங்கள். இன்வெர்ட்டர் வாங்கினால் சைன் வேவ் வாங்குங்கள். சதுர அலையில் உச்சி குறைவு; ட்ரான்ஸ்ஃபார்மரும் முனகும். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று மெயினில் இருக்கட்டும். எர்த் சரியாக இருந்தால், கோளாறு வந்த அந்த நிமிஷமே, யாரும் தொடுவதற்கு முன்பே, அது விழுந்துவிடும். எர்த் இல்லாவிட்டால் ஒருவர் தொட்ட பிறகுதான் விழும். வித்தியாசம் புரிகிறதல்லவா?

மும்முனை இணைப்பு உள்ளவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மிக்ஸி ஓடும்போது ஒரு அறையில் விளக்கு மங்கி, இன்னொரு அறையில் பிரகாசமானால், நியூட்ரல் லூசாகிவிட்டது என்று அர்த்தம். அது அறுந்தால் ஒரு பேஸில் வோல்டேஜ் 400-ஐ நெருங்கும்; ஆம்பிளிஃபயர் மட்டுமல்ல, வீட்டில் உள்ள பலதும் போய்விடும். மெயினை இறக்கிவிட்டு உடனே ஆளைக் கூப்பிடுங்கள்.

கடைசியாக, நம்மில் பலர் மறந்துபோன எர்த் குழி. உப்பும் கரியும் போட்டு அப்பா காலத்தில் தோண்டியது. கோடையில் மண் காய்ந்தால் எர்த்தும் பலவீனமாகிவிடும். வாரத்துக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். வருஷத்துக்கு ஒருமுறை எர்த் டெஸ்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். மின்பொறியியல் மாணவர்கள் இந்த விடுமுறையில் உங்கள் வீட்டுப் பிளக்குகளை ஒவ்வொன்றாகத் திறந்து, மெயினை அணைத்துவிட்டுத்தான், எர்த் வயர் இருக்கிறதா என்று பாருங்கள். நாலு வருஷப் படிப்புக்கு வீட்டில் நீங்கள் கொடுக்கும் முதல் வட்டி அதுவாக இருக்கட்டும்.