கூலி: ஊதியமா, ஆளா?

(தேவாரத்தில் தோட்டத் தொழிலாளரிடையே ஆற்றிய உரை)



விடியுமுன் தூக்குச்சட்டியில் சோற்றை அடைத்துக்கொண்டு, ஜீப்பில் நெருங்கி அமர்ந்து, மெட்டுச் சாலைகளைக் கடந்து ஏலத் தோட்டங்களுக்குச் செல்லும் நம் தாய்மார்களிடம், எங்கே பயணம் என்று கேட்டுப் பாருங்கள். "கூலிக்குப் போகிறோம்" என்பார்கள். "கூலியாகப் போகிறோம்" என்று ஒருவரும் சொல்லமாட்டார். இவ்விரண்டு சொற்களுக்கும் இடையே எத்தனை தலைமுறைக் கண்ணீர் தேங்கியிருக்கிறது, அறிவீர்களா?

தமிழிலே கூலி என்பது உழைப்புக்கு உரிய ஊதியம். தெய்வமே கைவிட்டாலும் மெய் வருந்திய முயற்சிக்கு உரியது கிடைத்தே தீரும் என்ற வள்ளுவர், அந்த உரியதைத்தான் கூலி என்றார். மலைக்கு அப்பால் மலையாளத்திலும் அதே பொருள்தான்.

ஆனால் கடல் கடந்து வந்த வெள்ளையர் வாயில் சொல் தலைகீழாயிற்று! கொடுக்க வேண்டிய பணத்தின் பெயர், ஏவப்படும் மனிதனின் பெயராயிற்று. குஜராத்தின் கோலி மக்கள் பெயரே இதற்கு மூலம் என்பாரும் உளர். அடிமையைக் குறிக்கும் துருக்கியச் சொல்லான 'குல்' என்பாரும் உளர். சீனரோ, அதே ஒலியைத் தம் எழுத்தில் வடிக்கையில், 'கசப்பு', 'வலிமை' என்னும் பொருளுடைய இரண்டு எழுத்துகளைத் தேர்ந்தனர். கசந்த உழைப்பு! பிறப்பைப் பற்றி அறிஞர்கள் வாதிடட்டும். அந்தச் சொல் பட்ட பாட்டைப் பற்றி வாதமே இல்லை.

1860இல் 'ட்ரூரோ' என்னும் கப்பல் சென்னையிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளரை நேட்டாலுக்கு ஏற்றிச் சென்றது. அங்கே அவர்களுக்குக் கூலி என்பதே பெயர். 1893இல் வழக்காடச் சென்ற காந்தியாரும் 'கூலி பாரிஸ்டர்' ஆனார். அவர் சுமந்த மூட்டை எது? தோலின் நிறம் ஒன்றுதான்! மொரீசியசில் ஒப்பந்தத் தொழிலாளர் இறங்கிய துறையும் 'கூலி காட்' எனப்பட்டது. இன்று அது ஆப்பிரவாசி காட். 2006இல் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று.

2016இல் நம் இரயில்வேயும், 'கூலி' இனிச் 'சகாயக்' என்று அறிவித்தது. நன்று. ஆனால் பெயர் மாறினால் மட்டும் போதுமா? சுமைக்கு இவ்வளவு என்று பயணியிடம் கேட்டுப் பெறும் நிலை மாறியதா?

வெள்ளையனை மட்டும் குறைகூறிப் பயனில்லை. "ஏய், கூலி!" என்று மூட்டை சுமப்பவரை அழைக்கும் குரல் நம்முடையதாகவும் இருக்கிறதே! நாளை காலை அந்தக் குரல் உங்கள் நாவில் எழுமானால், அடக்குங்கள். ஆளைக் கூலி என்னாதீர். ஆளுக்குரிய கூலியில் காலணா குறையவும் விடாதீர்!