வாலைப் பார்த்து இனம் சொல்லும் சில்லு



ஆல்ஃபா கதிரைத் தடுக்க ஒரு தாள் போதும். பீட்டாவுக்கு மெல்லிய அலுமினியத் தகடு. இவற்றை விட்டுவிடுவோம். கதிர்களை அளக்கும் எங்களைப் படுத்துவது காமாவும் நியூட்ரானும்தான். இரண்டுக்கும் மின்னேற்றம் இல்லை. நியூட்ரான் வரும் இடத்தில் பெரும்பாலும் காமாவும் சேர்ந்தே வேறு வருவதால் பிரித்தறிவது கடினம்.

மேதைகளே இதில் ஏமாந்திருக்கிறார்கள். 1932 தொடக்கத்தில் பாரிசில் ஐரீன் கியூரியும் கணவர் ஜோலியோவும், பெரிலியத்திலிருந்து வந்த கதிர் மெழுகிலிருந்து புரோட்டான்களைத் தள்ளுவதைக் கண்ணாரக் கண்டார்கள். ஆனாலும் அதைக் காமா என்றே எழுதினார்கள். சில வாரங்களில் கேம்பிரிட்ஜில் சாட்விக் அது நியூட்ரான் என்று காட்டி, 1935இல் நோபல் வாங்கினார். வருத்தப்படாதீர்கள், வேறொரு கண்டுபிடிப்புக்காக அதே ஆண்டு அந்தத் தம்பதிக்கும் நோபல் கிடைத்தது!

இன்று நாங்கள் காமாவையும் நியூட்ரானையும் ஸ்டில்பீன் என்ற படிகத்தை வைத்துப் பிரிக்கிறோம். கதிர் பட்டால் அதில் ஒளி மின்னும். காமா எலக்ட்ரானைத் தள்ளும்; நியூட்ரான் புரோட்டானைத் தள்ளும். கனமான புரோட்டான் சிறு தூரத்திலேயே ஆற்றலைக் கொட்டிவிடுவதால், தாமதமாக வரும் ஒளியின் பங்கு கூடும். வெண்கல மணியின் ரீங்காரம் போல ஒளித்துடிப்பின் வால் நீளும்.

ஆய்வகத்தில் காமாவும் நியூட்ரானும் வீசும் கலிஃபோர்னியம்-252ஐப் படிகத்தின் முன் வைத்துவிட்டு ஆசிலோஸ்கோப் திரை முன் உட்கார்ந்தால் எனக்கு எழுந்திருக்க மனசே வராது. ஒரே உயரமுள்ள துடிப்புகளைப் பார்த்தால் உச்சியில் எல்லாம் ஒரே கோடு. இறங்க இறங்கப் பச்சைக் கோடு இரண்டாகக் கிளைக்கும். மேல் கிளை நியூட்ரான், கீழ்க் கிளை காமா. மாணவர்கள் டீ குடித்துவிட்டுத் திரும்பும்போதும் நான் அங்கேயேதான் இருப்பேன்.

மொத்த ஒளியில் வாலின் பங்கு எவ்வளவு என்று கணக்கிடுவது பழைய வழி. பெரிய துடிப்புக்குச் சரி. சின்னத் துடிப்பில் வால் இரைச்சலில் மூழ்கிவிடும். அங்கேதான் நரம்பு வலைப்பின்னல் என்ற, உதாரணங்களைப் பார்த்துக் கற்கும் கணினி நிரல் கைகொடுக்கிறது; வாலை மட்டுமல்ல, துடிப்பின் முழு வடிவத்தையும் பார்க்கிறது.

அதற்குப் பாடம் சொல்வது யார் என்கிறீர்களா? கடிகாரம்தான்! கதிர் மூலத்துக்கு அருகே இன்னொரு உணர்கருவியை வைத்தால் கதிர் புறப்பட்ட நேரம் தெரியும். ஒரு மீட்டர் தூரத்தைக் காமா சுமார் 3 நானோ நொடியில் கடக்கும். 2 மெகா எலக்ட்ரான் வோல்ட் நியூட்ரானுக்குச் சுமார் 50 ஆகும். வந்த நேரத்தை வைத்து ஒவ்வொரு துடிப்புக்கும் காமா, நியூட்ரான் என்று பெயர்ச்சீட்டு ஒட்டிவிடலாம்; அதைப் பார்த்து வலைப்பின்னல் கற்றுக்கொள்ளும்.

அது கற்ற எடைகளை, அதாவது அதன் உள் எண்களைச் சுருக்கி, உள்சுற்றை வேண்டியபடி மாற்றிக்கொள்ளக்கூடிய எஃப்பிஜிஏ சில்லில் ஏற்றிவிட்டால், ஒவ்வொரு துடிப்பையும் கணினிக்கு அனுப்ப வேண்டியதில்லை. படிகத்தின் அருகிலேயே மைக்ரோ நொடிக்குள் தீர்ப்பு வந்துவிடும். கடத்தப்படும் புளூட்டோனியத்தைத் துறைமுகத்தில் பிடிக்க...

ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அப்பால் கையைக் காட்டுகிறார்கள், நேரமாகிவிட்டதாம். பொறியியல் படிக்கும் பிள்ளைகளே, உங்கள் கல்லூரி அலமாரியில் எஃப்பிஜிஏ பலகை ஒன்று தூசி படிந்து கிடக்கும். கதிரியக்க மூலம் வேண்டாம். கணினியில் உருவாக்கிய துடிப்புகளே போதும். யாராவது ஒருவராவது இந்த வாரம் அதற்கு மின்சாரம் கொடுத்துப் பார்ப்பீர்கள் என்று நம்புகிறேன்.