கருடனுக்குக் கன்னத்தில் போட்டுக்கொண்டால் போதுமா?

(புதுக்கோட்டையில் நடந்த பொதுக்கூட்டத்தில் பேசியதன் சாரம்)



இந்தப் புதுக்கோட்டைச் சீமையில் எந்த ஊர்க் கோயிலில் கும்பாபிஷேகம் நடந்தாலும், கலசத்தில் நீர் ஊற்றுகின்ற சமயத்தில் ஜனங்களெல்லாம் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதை நாம் கண்டிருக்கின்றோம். செம்பருந்து ஒன்று மேலே வட்டமிட்டால் போதும், "கருடன் வந்துவிட்டார்" என்று கன்னத்தில் போட்டுக்கொள்ளுகின்றார்கள். முகூர்த்தம் வைப்பதோ காலை வெயில் ஏறுகின்ற நேரத்தில். வெயில் ஏறினால் தரைக்காற்று சூடாகி மேலே எழும்பும். அந்தக் காற்றில் இறக்கையை அசைக்காமல் மிதந்து இரை தேடுவது பருந்தின் பிழைப்பு. கோயிலுக்கு மேலும் வட்டமிடும். கசாப்புக்கடைக்கு மேலும் வட்டமிடும்.

அது நிற்க. இன்றைக்கு நாம் கேட்க வந்தது வேறு. சாமியின் வாகனமென்று கும்பிடுகின்ற அப்பறவையின் வயிற்றுக்குள் என்ன போகின்றதென்று, கும்பிடுகின்றவர்களில் எவராவது எண்ணிப் பார்த்ததுண்டா?

ஈயம், பாதரசம், காட்மியம் என்கின்ற உலோகங்கள் உதிர்ந்த இலையைப் போல் மக்கிப் போகக்கூடியவை அல்ல. தண்ணீரில் சேர்ந்த பாதரசத்தைச் சேற்றிலுள்ள நுண்ணுயிர்கள் இன்னும் கொடிய விஷமாக மாற்றிவிடுகின்றன. அதைப் புழு தின்கின்றது; புழுவைச் சிறுமீன் தின்கின்றது; சிறுமீனைப் பெருமீனும், பெருமீனைப் பருந்தும் தின்கின்றன. ஒவ்வொரு படியிலும் விஷம் பெருகிக்கொண்டே போகின்றது. ஈயத்தின் வழி வேறு. ஈயக்குண்டு பட்டுச் செத்த பிராணியைக் கழுகு தின்றால், அதன் வயிற்றிலுள்ள கடுமையான அமிலம் ஈயத்தைக் கரைத்து இரத்தத்தில் சேர்த்துவிடுகின்றது. பிறகு நரம்பு கெட்டு, தின்ற இரை கீழே இறங்காமல், அப்பறவை பட்டினியாய்ச் சாகின்றது.

இது புராணமல்ல. ஸ்வீடன் தேசத்தில் விதைத் தானியத்திற்குப் பூஞ்சை பிடிக்காமலிருக்கப் பாதரச மருந்து பூசி விதைத்தார்கள். தானியத்தைத் தின்ற குருவிகளும், குருவிகளைத் தின்ற வல்லூறுகளும் செத்தன. அந்நாட்டார் அதற்காக யாகம் செய்யவில்லை, பிரசன்னம் பார்க்கவில்லை. பொருட்காட்சிசாலையில் நூறு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த பறவைகளின் இறகுகளை எடுத்துச் சோதித்தார்கள். 1940 வரையில் குறைவாயிருந்த பாதரசம் அதன் பிறகு பன்மடங்கு ஏறியிருக்கக் கண்டார்கள். 1966இல் அம்மருந்தைத் தடுத்தார்கள். அமெரிக்காவில் கலிபோர்னியாவின் காண்டார் என்னும் பெருங்கழுகு 1982இல் 22 மட்டுமே மிஞ்சியிருந்தது. ஈயக்குண்டுதான் அதற்குப் பெரிய எமன் என்று கண்டு, 2019 முதல் அந்த மாகாணத்தில் வேட்டைக்கு ஈயக்குண்டே கூடாதென்று செய்துவிட்டார்கள்.

வெள்ளைக்காரன் தேசத்துச் சங்கதி நமக்கெதற்கு என்பீர்களானால், கோயமுத்தூர் ஆனைகட்டியிலுள்ள சலீம் அலி பறவையியல் நிலையத்தார் நீலகிரிப் பறவைகளின் உடலுறுப்புகளிலேயே ஈயம் முதலியவற்றை அளந்து 2011இல் வெளியிட்டிருக்கின்றார்கள்.

இவ்விஷம் வருகின்ற வழிகளில் ஒன்றை நாமே மேளதாளத்தோடு திறந்துவிடுகின்றோம். வருஷா வருஷம் பிள்ளையாருக்குப் பளபளக்கும் வர்ணம் பூசித் தண்ணீரில் போடுகின்றோம் அல்லவா? அவ்வர்ணங்களிலுள்ள விஷ உலோகங்களுக்காகவே மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2010இல் விதிமுறை வகுத்தது. 2020இல் அதை இன்னும் இறுக்கியது. விக்கினம் தீர்க்கின்றவர் செய்கின்ற விக்கினத்தைத் தீர்க்கச் சர்க்கார் வரவேண்டியிருக்கின்றது! மாமனுடைய வாகனத்தின் தீனியில் மருமகனுடைய மேனிச் சாயம்! சாமி மட்டுமே குற்றவாளி என்று நாம் சொல்லவில்லை. பழைய பாட்டரியை உடைத்து ஈயம் உருக்குகின்றவனும், ஆலைக்கழிவை ஆற்றில் விடுகின்ற முதலாளியும் இதில் பங்காளிகளே.

தோழர்களே! கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் கரையில் பருந்து கொத்திக்கொண்டு போகின்ற மீன்தான் நம் சந்தைக்கும் வருகின்றது. அதில் விஷமிருக்கின்றதென்று பயமுறுத்த நாம் வரவில்லை. இருக்கின்றதா என்று சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள் என்கின்றோம். குழந்தையின் உடம்பில் ஈயத்துக்கு ஆபத்தில்லாத அளவென்று ஒன்று கிடையாதென்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லுகின்றது. ஈயம் ஏறிய பிள்ளைக்குப் புத்தி மந்தப்படும், படிப்பு ஏறாது. பெற்றவள் "தலையெழுத்து" என்று அழுகின்றாள். மந்திரிக்கின்றவன் தாயத்தைக் கட்டிவிட்டுக் காசை வாங்கிக்கொண்டு போகின்றான். அந்தத் தலையில் எழுதியவன் பிரமனா, ஈயமா என்று பார்க்க ஓர் இரத்தப் பரிசோதனை போதுமே!

ஆகவே நீங்கள் செய்யவேண்டியது சொற்பமே. வீட்டு வர்ணத்தில் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாதென்று 2017 நவம்பர் முதல் சட்டமிருக்கின்றது. கடைக்காரனைக் கேட்டு வாங்குங்கள். பிள்ளையாரைத் தண்ணீரில் போட்டே தீரவேண்டும் என்கின்ற பக்தர்கள் வர்ணமில்லாத களிமண்ணையாவது போடட்டும். ஊர்க் குளத்து நீரையும் மீனையும் சோதிக்கும்படி பஞ்சாயத்தில் மனுக் கொடுங்கள். செம்பருந்து செத்துக் கிடந்தால் மாலை போட்டுப் புதைத்துவிடாமல், வனத்துறைக்குச் சொல்லி அது எதனால் செத்தது என்று கேளுங்கள். இத்தனை காலம் அண்ணாந்து பார்த்துச் சகுனம் கேட்டது போதும். இனி அதன் சாவுக்குக் காரணம் கேளுங்கள் என்று சொல்லி, இத்துடன் முடித்துக்கொள்ளுகின்றோம்.