மறைத்து வைப்பதா அன்பு?

("தீராத நோய் கண்ட இளையரிடம் உண்மையைச் சொல்வது கருணையா, கொடுமையா?" என்னும் தலைப்பில் நடந்த தொலைக்காட்சிக் கருத்துக்களத்தில், "சொல்வதே கருணை" என்ற அணியின் சார்பில் ஆற்றிய உரை)



எனக்கு முன் பேசிய நண்பர் உருக்கமாகப் பேசினார். "பதினைந்து வயதுப் பிள்ளையிடம் போய், உன் நோய் தீராது என்று எந்தத் தாய்க்கு வாய் வரும்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். வாய் வராது. ஆனால் வாய் வரவில்லை என்பதற்காகச் சொல்லாமல் இருப்பது சரியாகிவிடுமா? அதைத்தான் இன்று நாம் பேச வேண்டும்.

என் பக்கத்துக்குச் சாட்சியாக ஒரு ஜப்பானியத் தொடரை அழைத்து வந்திருக்கிறேன். '1 லிட்டர் கண்ணீர்' என்பது அதன் பெயர். 2005ஆம் ஆண்டு அக்டோபர் 11 முதல் டிசம்பர் 20 வரை ஜப்பானின் ஃபுஜி தொலைக்காட்சியில் வாரம் ஒரு முறை ஒளியேறியது. மொத்தம் 11 பாகங்களே. நம் வீடுகளில் ஓடும் நெடுந்தொடர்களோடு ஒப்பிட்டால் ஒரு மூச்சில் பார்த்து முடித்துவிடலாம். பார்த்த பிறகு மூச்சு விடுவதுதான் சிரமம்.

கதை இதுதான். ஆயா என்ற பெண், ஒரு தௌஃபூ கடைக்காரரின் மூத்த மகள். அவளுக்குக் கீழே இரண்டு தங்கைகள், ஒரு தம்பி. நன்றாகப் படிப்பவள், கூடைப்பந்து ஆடுபவள். உயர்நிலைப் பள்ளியில் சேரும் நேரத்தில் அவள் நடை தடுமாறத் தொடங்குகிறது. கையில் எடுத்த பொருள் நழுவி விழுகிறது. ஒரு நாள் ஓடும்போது முகம் குப்புற விழுந்து தாடையில் அடிபடுகிறாள். இங்கேதான் மருத்துவர் உற்றுக் கவனிக்கிறார். விழுகிற மனிதர் யாராக இருந்தாலும் கை தானாக முன்னே நீளும், முகத்தைக் காக்கும். இந்தப் பெண்ணின் கை ஏன் நீளவில்லை? அந்த ஒரு கேள்வியிலிருந்துதான் நோய் வெளியே வருகிறது.

சிறுமூளையும் தண்டுவடமும் மெல்ல மெல்லச் சிதையும் நோய் அது. முதலில் நடை போகும். பிறகு எழுத்து, பேச்சு, கடைசியில் விழுங்கும் சக்தி. ஆனால் ஆயாவுக்கு அறிவு மங்கவில்லை. தனக்கு என்ன நடக்கிறது என்பது அவளுக்குத் தெளிவாகத் தெரியும். இந்த நோயின் மிகப் பெரிய கொடுமை அதுதான்.

நேயர்களே, இது யாரோ கற்பனை செய்த கதையல்ல. ஜப்பானின் ஐச்சி மாநிலத்தில் தொயொஹாஷி நகரைச் சேர்ந்த கிதோ ஆயா என்ற பெண்ணின் நாட்குறிப்பிலிருந்து எடுக்கப்பட்டது. அவர் 1962ஆம் ஆண்டு பிறந்தவர். நோய் தெரிய வந்தபோது வயது 15. கை ஓயும்வரை எழுதினார். அவர் உயிரோடு இருந்தபோதே, 1986ஆம் ஆண்டு, அந்த நாட்குறிப்பு நூலாக வந்தது. 1988ஆம் ஆண்டு மே 23ஆம் தேதி, 25 வயதில் மறைந்தார். அந்த நூல் ஜப்பானில் மட்டும் பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது. தொடரில் வரும் தௌஃபூ கடையும், அவளைக் காதலிக்கும் ஹருதோ என்ற மாணவனும் தொடருக்காகச் சேர்த்தவை. நோயும் நாட்குறிப்பும் அந்தத் தாயும் உண்மை.

இப்போது நம் கேள்விக்கு வருவோம். மருத்துவர் முதலில் யாரிடம் சொல்கிறார்? தாயிடம். தாய் ஷியோகா பொதுச் சுகாதாரத் துறையில் பணிபுரியும் தாதி. நோய் என்றால் என்னவென்று தெரிந்தவர். ஆனாலும் அவர் என்ன செய்கிறார்? இது தவறான முடிவாக இருக்காதா, வேறு யாராவது வேறு பதில் சொல்ல மாட்டார்களா என்று தேடி அலைகிறார். தந்தையோ நம்பவே மறுக்கிறார். எதிரணி நண்பர் சொன்ன பெற்றோர்தான் இவர்களும். இவர்களுக்கும் வாய் வரவில்லை.

ஆனால் பெற்றோர் மௌனமாக இருந்தால் பிள்ளைக்குத் தெரியாமல் போய்விடுமா? ஆயா மருத்துவமனையில் தன்னைப் போலவே தடுமாறும் நோயாளி ஒருவரைப் பார்க்கிறாள். அம்மாவின் முகத்தைப் பார்க்கிறாள். அப்பா திடீரென்று காட்டும் அதிகக் கனிவைப் பார்க்கிறாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தால் சாப்பிடுகிறவருக்குத் தெரியாதா? நோயாளியின் உடம்பே நோயாளியிடம் பேசிக்கொண்டிருக்கிறது. நாம் மறைப்பதால் அவருக்கு உண்மை தெரியாமல் போவதில்லை. அந்த உண்மையைப் பகிர்ந்துகொள்ள ஆள் இல்லாமல் போகிறது. அவ்வளவுதான். பயத்தோடு பயமாகத் தனிமையும் சேர்கிறது.

வீட்டில் இன்னொன்றும் நடக்கிறது. அதை நண்பர்கள் கவனிக்க வேண்டும். இரண்டாவது மகள் அகோவுக்கு ஒன்றும் தெரியாது. அக்காவுக்கு மட்டும் ஏன் இவ்வளவு சலுகை என்று மனம் குமைகிறாள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறாள். அவள் கெட்டவளா? இல்லை. அவளிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. உண்மை தெரிந்த பிறகு அதே அகோதான் அக்காவுக்குத் துணையாக நிற்கிறாள். அக்காவைப் பார்த்து வெட்கப்படும் தம்பி ஹிரோகியைக் கண்டிப்பவளும் அவளே. மூடி மறைத்தபோது அந்த வீட்டில் பொறாமை வளர்ந்தது. திறந்து சொன்னபோது பாசம் வளர்ந்தது. இதைவிட வேறு சான்று வேண்டுமா?

"அதெல்லாம் ஜப்பான்காரர்களுக்குச் சரி. அவர்கள் மன உறுதி வேறு, நம் மனம் வேறு" என்று சிலர் சொல்லக்கூடும். அதற்கும் பதில் இருக்கிறது. நோயை மறைப்பதில் ஜப்பானியர் நமக்குச் சற்றும் சளைத்தவர்கள் அல்லர். 1952ஆம் ஆண்டு அகிரா குரோசாவா எடுத்த 'இகிரு' திரைப்படத்தை நினைத்துப் பாருங்கள். வயிற்றுப் புற்றுநோய் வந்த வதனாபே என்ற அலுவலரிடம் மருத்துவர், சாதாரணப் புண் என்று சொல்லி அனுப்புகிறார். காத்திருப்பு அறையில் இன்னொரு நோயாளி பேசிய பேச்சிலிருந்து அவரே உண்மையைப் புரிந்துகொள்கிறார். புரிந்துகொண்ட பிறகுதான், சாக்கடைத் தண்ணீர் தேங்கிக் கிடந்த இடத்தைப் பிள்ளைகளுக்கான பூங்காவாக்கப் போராடுகிறார். உண்மை தெரியாமலே போயிருந்தால் அந்தப் பூங்கா வந்திருக்காது.

அது திரைப்படம். நாட்டு நடப்பு எப்படி இருந்தது? ஜப்பானியப் பேரரசர் ஹிரோஹித்தோ 1989ஆம் ஆண்டு ஜனவரி 7ஆம் தேதி மறைந்தார். அவருக்கு வந்தது புற்றுநோய் என்பது அவர் மறைந்த பிறகே மக்களுக்கு முறையாக அறிவிக்கப்பட்டது. அவரிடமும் அது சொல்லப்படவில்லை. ஒரு நாட்டின் பேரரசருக்கே தன் நோயின் பெயர் தெரியாது! அவருக்கு ஏழு மாதங்களுக்கு முன் மறைந்த ஒரு சாதாரணப் பெண் தன் நோயை அறிந்து, அதைப் பற்றி எழுதி, நூலாகவும் பார்த்துவிட்டுப் போனார். இருவரில் தம் வாழ்வைத் தம் கையில் வைத்திருந்தவர் யார் என்று நீங்களே சொல்லுங்கள்.

மறைப்பதால் உயிரே போன வழக்கும் அங்கு உண்டு. பித்தப்பையில் புற்றுநோய் இருக்கலாம் என்று ஐயப்பட்ட மருத்துவர், நோயாளிப் பெண்ணிடம் பித்தப்பைக் கல் என்று சொன்னார். கல்தானே என்று அவர் அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போட்டார். பிறகு காலம் கடந்துவிட்டது. குடும்பத்தார் வழக்குத் தொடுத்தார்கள். 1995ஆம் ஆண்டு ஜப்பானிய உச்ச நீதிமன்றம், அன்றைய வழக்கப்படி மருத்துவர் மீது தவறில்லை என்று தீர்ப்பளித்தது. ஆனால் காலம் மாறியது. 1997ஆம் ஆண்டு திருத்தப்பட்ட மருத்துவச் சட்டம், நோயாளிக்கு விளக்கிச் சொல்லி அவர் புரிந்துகொள்ளச் செய்ய மருத்துவர் முயல வேண்டும் என்றது. ஆக, உண்மையைச் சொல்வது அவர்கள் பிறவிக் குணமல்ல. பட்டுத் தெரிந்துகொண்ட பாடம்.

சரி, சொன்னால் பிள்ளை உடைந்துபோகாதா? உடைந்துதான் போகிறாள். தொடர் அதை மறைக்கவில்லை. இத்தனை பேர் இருக்க இந்த நோய் ஏன் தன்னிடம் வந்தது என்று ஆயா கேட்கும் இடத்தில் யாரிடமும் பதில் இல்லை. மருத்துவரிடமும் இல்லை. ஆனால் அந்தக் கேள்வியை அவள் யாரைப் பார்த்துக் கேட்கிறாள்? தாய் தந்தையைப் பார்த்துக் கேட்கிறாள். அழ ஒரு மடி கிடைக்கிறது. மறைத்திருந்தால் அதே கேள்வியைச் சுவரைப் பார்த்துக் கேட்டிருப்பாள்.

அடுத்து பள்ளிக்கூடம். ஆயாவால் படி ஏற முடியவில்லை. தோழிகள் தாங்கிப் பிடித்து அழைத்துப் போகிறார்கள். வகுப்புக்குத் தாமதம் ஆகிறது. மற்றப் பெற்றோர் முணுமுணுக்கிறார்கள். முகத்துக்கு நேரே சிரிக்கும் மாணவர்களே, அவள் இல்லாதபோது இனி முடியாது என்று பேசுகிறார்கள். அது அவள் காதில் விழுகிறது. அப்போது ஹருதோ கோபப்படுகிறான். சிரமம் என்றால் அவளிடமே சொல்லியிருக்கலாமே, முன்னால் ஒன்று பின்னால் ஒன்று எதற்கு என்பது அவன் கேள்வி. பாருங்கள், அங்கேயும் காயப்படுத்தியது உண்மையல்ல. நல்லெண்ணம் என்ற பெயரில் மறைத்ததுதான்.

பிறகு ஆயா அந்தப் பள்ளியை விட்டு, உடற்குறையுள்ளோருக்கான பள்ளிக்குப் போக முடிவெடுக்கிறாள். யாரும் அவளைத் தள்ளிவிடவில்லை. அவளே எடுத்த முடிவு. அதைச் சிரித்த முகத்தோடு சொல்வதற்குள் தனக்கு ஒரு லிட்டர் கண்ணீராவது வேண்டியிருந்தது என்கிறாள். தொடரின் தலைப்பு அங்கிருந்துதான் வருகிறது. அந்தக் கண்ணீர் வெறும் சோகக் கண்ணீர் அல்ல. தன் வாழ்க்கையைத் தானே முடிவு செய்ய ஒரு பெண் கொடுத்த விலை. உண்மை தெரியாத ஒருவரால் அந்த விலையைக் கொடுக்கவும் முடியாது, அந்த முடிவை எடுக்கவும் முடியாது.

நடுவர் அவர்களே, எதிரணியினர் சொன்ன ஒன்றை நான் ஏற்றுக்கொள்கிறேன். உண்மையைக் கல்லாக எடுத்து எறியக் கூடாது. "உனக்குத் தீராத நோய், இத்தனை மாதந்தான்" என்று சொல்லிவிட்டு எழுந்து போவது உண்மை பேசுவது ஆகாது. பிள்ளை கேட்கிற அளவுக்குச் சொல்ல வேண்டும். கேட்கிற நேரத்தில் சொல்ல வேண்டும். சொல்கிறவர் உடன் இருந்து தாங்க வேண்டும். தொடரில் அந்தத் தாய் செய்வது அதுதான். இனி என்னென்ன முடியாது என்று சொல்லும்போதே, நாளை காலை என்ன செய்யலாம் என்பதையும் சேர்த்துச் சொல்கிறார். நடக்க முடியாதபோது சக்கர நாற்காலி. பேச முடியாதபோது எழுத்துப் பலகை. ஒவ்வோர் எழுத்தாகச் சுட்டிக் காட்டுகிறாள், அம்மா வாய்விட்டுப் படிக்கிறார்.

இன்னொன்று. தீராத நோய் என்றதும் நாம் நாளைக்கே முடிந்துவிடும் என்று நினைக்கிறோம். கிதோ ஆயா நோய் தெரிந்த பிறகு பத்து ஆண்டுகள் வாழ்ந்தார். பத்து ஆண்டுகளுக்கு ஒரு பொய்யைக் காப்பாற்ற எந்தக் குடும்பத்தால் முடியும்? இவ்வகை நோய்களில் பரம்பரையாக வருபவை மட்டுமே 40க்கும் மேற்பட்ட வகைகள் என்று இன்று அறிந்திருக்கிறார்கள். முற்றிலும் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. ஆனால் உடற்பயிற்சி, பேச்சுப் பயிற்சி, தொல்லைகளைத் தணிக்கும் மருந்துகள் உண்டு. இவற்றுக்கெல்லாம் நோயாளியின் ஒத்துழைப்பு வேண்டும். எதற்காகப் பயிற்சி செய்கிறோம் என்றே தெரியாத பிள்ளை எப்படி ஒத்துழைக்கும்?

இறுதியாக ஒன்று. தொடரின் முடிவில், அதே நோய் வந்த ஒரு சிறுமியிடமிருந்து ஆயாவுக்குக் கடிதம் வருகிறது. ஆயா எழுதியதைப் படித்துத் தனக்குத் தைரியம் வந்ததாக அந்தச் சிறுமி எழுதுகிறாள். யாருக்காவது பயன்பட வேண்டும் என்று ஏங்கிய ஆயாவுக்குப் படுத்த படுக்கையில் அது கிடைக்கிறது. அவளிடம் உண்மையை மறைத்திருந்தால் அந்த எழுத்து இல்லை. அந்த எழுத்து இல்லையென்றால் அந்தச் சிறுமிக்குத் தைரியமும் இல்லை.

நேயர்களே, நம் வீடுகளிலும் இந்த நேரம் வரலாம்; வரக் கூடாது என்றுதான் வேண்டுகிறேன். வந்தால், மருத்துவரைத் தனியே அழைத்துப் போய், "அவனிடம் ஒன்றும் சொல்லிவிடாதீர்கள் டாக்டர்" என்று கெஞ்சுவதற்கு முன் ஒரு நிமிடம் யோசியுங்கள். நாம் காப்பாற்றுவது பிள்ளையின் மனத்தையா, அல்லது அவன் எதிரில் உட்கார்ந்து அழ அஞ்சும் நம் மனத்தையா? பக்கத்தில் உட்காருங்கள். கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். மெல்லச் சொல்லுங்கள். சேர்ந்து அழுங்கள். சொல்வதே கருணை.