இருக்கையும் இலையும்



திருமலைராயன்பட்டினத்தில் மேடையேறுபவன் எவனும் சற்று அச்சத்தோடு ஏறுதல் நன்று. காரணம் தாங்கள் அறிந்ததே. 15ஆம் நூற்றாண்டில் விசயநகரப் பேரரசின் சார்பிலே சோழநாட்டை ஆண்ட திருமலைராயனது அவைக்குக் காளமேகப் புலவர் வந்தார். வந்த புலவர்க்கு இருக்கை தருதல் அரசர்க்கு அழகு. அவன் தந்திலன். அதிமதுர கவியும் அவரைச் சூழ்ந்த தண்டிகைப் புலவர்களும் மூட்டிய காழ்ப்பே காரணம் என்பர். எமகண்டம் என்னும் கொடிய போட்டியிலே, தீயின்மேல் தொங்கிய இருக்கையில் அமர்ந்து பாடி வென்ற பின்னரும் சிறப்புச் செய்யாமையால், இவ்வூரில் மண்மாரி பெய்க என்று புலவர் பாடினார் என்பது செவிவழி வரலாறு.

இதில் அடியேன் வியப்பது ஒன்றுண்டு. தம் ஊருக்கு வந்த பழியை எவரும் மறைக்கவே முயல்வர். இவ்வூராரோ ஐந்நூறு ஆண்டுகளாகத் தாமே சொல்லி வருகின்றனர்! விருந்தினர்க்கு இருக்கை மறுத்தது குற்றமே என்று ஒப்புக்கொண்ட ஊர் இது.

இதே கரையில், வடக்கே சில கல் தொலைவில், காரைக்காலில் நடந்ததை எண்ணிப் பாருங்கள். பசியால் வாடிய முதிய அடியார் ஒருவர் புனிதவதியார் இல்லத்திற்கு வந்தார். சோறு ஆகியிருந்தது, கறி ஆகவில்லை. “சற்றுப் பொறுங்கள்” என்று அம்மையார் சொன்னாரா? இல்லை. தண்ணீர் தந்து, இலையிட்டு, சோற்றோடு கணவன் அனுப்பிய மாங்கனிகளுள் ஒன்றைப் படைத்தார். அதனால் இல்வாழ்வே குலைந்தது என்பதையும் சேக்கிழார் பெருமான் மறைக்காமல் பாடியுள்ளார். அரசன் அவையிலே இருக்கை இல்லை. வணிகன் மனையிலே இலை உண்டு. ஊரின் பெருமை எவ்விடத்தில் இருக்கிறது என்பதைத் தாங்களே துணிந்து கொள்க.

சைவ மேடையில் பெருமாளைப் பேசலாமோ என்று சிலர் முகம் சுளிக்கலாம், பேசியே தீர்வேன். மாசி மகத்தன்று திருக்கண்ணபுரத்துச் சௌரிராசப் பெருமாள் இவ்வூர்க் கடலில் தீர்த்தமாட எழுந்தருளுகிறார். பட்டினச்சேரி மீனவப் பெருமக்கள் அவரை “மாப்பிள்ளை” என்று அழைத்து எதிர்கொள்கின்றனர். தங்கள் குலத்துப் பெண்ணை மணந்தவர் என்பது அவர்கள் கொண்டாடும் உறவு. வெளியூர்த் தெய்வத்திற்கு இவ்வூரில் உறவுமுறையே கிடைத்துவிட்டது! மண்மாரிப் பழிக்கு இதைவிடத் தக்க கழுவாய் வேறென்ன?

ஆட்சிகள் வந்தன, சென்றன. 1739இல் பிரெஞ்சுக்காரர் காரைக்காலைக் கைக்கொண்டனர். 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தனர். நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது. இன்றும் வாஞ்சூரைக் கடந்தால் வேறு மாநிலம். ஆனால் 2004 டிசம்பர் 26 அன்று கடல் பொங்கியபோது எல்லைக்கல்லை எவர் பார்த்தார்? நாகூர் தர்கா வீடிழந்தோர்க்கு நிழல் தந்தது, உணவு தந்தது. இறந்தோரை அடக்கம் செய்யவும் நிலம் தந்தது.

அடியேன் செய்த பிழையொன்றையும் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன், பெயர் வேண்டா, வேறோர் ஊரில் அம்மையார் வரலாற்றை விரித்துக் கொண்டிருந்தேன். வலைத்தொழில் செய்யும் முதியவர் ஒருவர் பொழுது சாயுமுன்பே வந்து முன்வரிசையில் அமர்ந்திருந்தார். செல்வர் ஒருவர் பிந்தி வந்தார். முதியவரை எழுப்பி, அவ்விடத்தில் செல்வரை அமர்த்தினர். அப்பொழுது அடியேன் சொல்லிக் கொண்டிருந்தது, அம்மையார் அடியார்க்கு இலையிட்ட இடம்! கண்ணால் கண்டேன்; வாய் நிற்கவில்லை. அவர் தூணருகே நின்றபடியே இறுதிவரை கேட்டார். எனக்கு மாலை இட்டார்கள், பொன்னாடை போர்த்தினார்கள். கீழிறங்கித் தேடினேன், அவரைக் காணவில்லை. அன்று முதல் அந்தப் பகுதியைப் பேசும்போதெல்லாம் என் கண் தூண்களின் பக்கமே செல்கிறது. இன்றும் சென்றது, நால்வர் நிற்கிறார்கள். முன்னே இடமிருக்கிறது, ஐயா, வந்து அமருங்கள்.

விழாக் குழுவினர்க்கு ஒரு விண்ணப்பம். நாளை இரவு பாய்களை வரிசை குறிக்காமல் விரியுங்கள். முந்தி வந்தவர் முன்னே இருக்கட்டும். பிந்தி வந்தவர் எவராயினும் பின்னே இருக்கட்டும். நாளை பேச வேறு பெரியவர் வருகிறார். கேட்க வரும் அடியேனுக்கும் அதுவே விதி.

திருச்சிற்றம்பலம்.